தோட்டத்து ஊரில் இருந்துகொண்டே இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் இருக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் குரூண், செமிலிங், பாடாங் செராய் என்று செம்பனையும் பால்மரமும் சூழ்ந்த எந்த ஊருக்கும் இது பொருந்தும். எஸ்பிஎம்மோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு கொஞ்ச நேரம் கையில் இருக்கும் அம்மாக்கள், வேலை ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் ஐயாக்கள், எஸ்டிபிஎம் முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இணையத்தில் பெரிய பெரிய பல்கலைக்கழகப் பாடமெல்லாம் சும்மாவே கிடைக்குதாமே, எங்கே போய் எப்படித் தொடங்குவது?"

கிடைக்கிறது, உண்மைதான். காசு கட்டாமல், தகுதி கேட்காமல், வயது கேட்காமல் கிடைக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் முப்பது நாற்பது இணையத்தளங்களின் பட்டியல். அதை வாட்சாப்பில் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு யாரும் ஒன்றையும் திறப்பதில்லை. அதனால் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, தொடங்குவது எப்படி என்பதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

முதலில் உங்களுடைய ஒரு கேள்வி

எந்தத் தளத்தையும் திறக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றும் ஒரு கேள்வியைத் தமிழில் எழுதுங்கள். "அறிவியல் படிக்க வேண்டும்" என்பது கேள்வி ஆகாது, அப்படித் தொடங்கினால் ஆயிரம் பாடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடுவீர்கள்.

தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பால்வெட்டுக்கு ஏன் விடியற்காலையிலேயே போனார்கள்? வெயிலுக்குப் பயந்து மட்டும் இல்லை. இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரம் தண்ணீரை அதிகம் இழப்பதில்லை, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடிவதற்கு முன்தான் கூடுதலாக இருக்கும், வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் இறங்கிவிடும், பாலும் குறைந்துவிடும். நம் பாட்டிமார்கள் அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தது இது. இதற்குப் பின்னால் இருப்பது தாவர உடலியல். "தாவரத்துக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது" என்று தேடினால் சரியான பாடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

இன்னொன்று சொல்கிறேன். செம்பனைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பெண்கள் மகரந்தத் தூளை எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பெண்பூக்களில் கையால் தூவினார்கள். 1981-க்குப் பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. காரணம், ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே விடப்பட்ட ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டு. செம்பனை இந்த மண்ணின் மரம் இல்லை, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மரம் வந்துவிட்டது, அதற்கு மகரந்தம் சுமக்கும் வண்டு கூட வரவில்லை. ஆண்பூ சோம்பு மாதிரி மணக்கும், வண்டு அந்த வாசனைக்கு வந்து அதில் முட்டையிட்டு வாழும், பெண்பூவும் அதே மாதிரி மணம் விடுவதால் அங்கேயும் போய் மகரந்தத்தை உதறிவிட்டு வரும். ஒரு வண்டு இத்தனை பேருடைய வேலையை மாற்றியது எப்படி என்று கேட்டால் உயிரியலும் உண்டு, பொருளாதாரமும் உண்டு, தொழிலாளர் வரலாறும் உண்டு. எந்தப் பக்கம் உங்களை இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகலாம்.

கலை, வரலாறு என்று போக நினைத்தால் நம் வீட்டு வாசலிலேயே மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. பட்டினப்பாலை சொல்லும் காழகம் என்பது கடாரம்தான் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதியிருக்கிறார். இராஜேந்திர சோழனின் கடற்படை 1025-ல் வந்த கடாரமும் இந்தக் கெடாதான் என்பது ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி இரும்பு உருக்கிய இடங்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். "தொல்லியலாளர்கள் ஒரு செங்கலைப் பார்த்து எப்படி வயது சொல்கிறார்கள்?" என்ற கேள்வியோடு ஒரு தொல்லியல் தொடக்கப் பாடத்தைப் படித்துவிட்டு பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

சமுதாயம் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால், 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்கு ஏறியதே, சம்பளம் ஏறினால் சாமான் விலையும் ஏறும் என்று கடையில் எல்லாரும் பேசுகிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? பொருளாதாரத்தில் தொடக்கப் பாடமே இந்த மாதிரிக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.

உங்கள் கேள்வி தோட்டத்தைப் பற்றி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கருந்துளை, ஓவியம், மனநோய், சட்டம், எதுவாகவும் இருக்கலாம். உங்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, ஓர் இடம், ஒரு சின்னப் பாடம்

புதியவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் ஓப்பன்லேர்ன். பிரிட்டனில் 1969-ல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே தொலைவிலிருந்து படிக்கிறவர்களுக்காகவே உண்டானது, 2006 முதல் தன் பாடங்களில் ஒரு பகுதியை இந்தத் தளத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மற்ற பெரிய தளங்களில் பெரும்பாலும் வகுப்பறையில் நடந்த விரிவுரையைப் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள், இங்கே பாடம் தனியாக வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்கென்றே எழுதப்பட்டிருக்கும். கொஞ்சம் வாசிப்பு, நடுவில் ஒரு கேள்வி, யோசித்து எழுதிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் அவர்களுடைய விளக்கம், பிறகு அடுத்த பகுதி. ஆசிரியர் பக்கத்தில் இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது.

தளத்தைத் திறந்ததும் பாடங்களைத் துறை வாரியாகப் பிரித்திருப்பார்கள்: வரலாறும் கலையும், அறிவியலும் கணிதமும், சமுதாயமும் சட்டமும், உடல்நலமும் உளவியலும், மொழிகள், இயற்கை, தொழில்நுட்பம், இப்படி. உங்கள் கேள்வி எந்த அறையில் இருக்கும் என்று பார்த்து உள்ளே போங்கள். அங்கே ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் இரண்டு விவரம் போட்டிருக்கும், இந்த இரண்டையும் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். ஒன்று நிலை: தொடக்கம், இடைநிலை, உயர்நிலை. இன்னொன்று எத்தனை மணி நேரம் ஆகும் என்பது. முதல் பாடத்துக்குத் தொடக்க நிலையில், பத்து மணி நேரத்துக்குள் முடியக்கூடியதாக ஒன்றை எடுங்கள். ஐந்தாறு மணி நேரப் பாடம் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் போட்டிருக்கும் நேரம் ஆங்கிலம் தடையில்லாமல் வாசிக்கிறவருக்கானது. நமக்கு இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் குறையொன்றும் இல்லை.

பதிவு செய்யாமலேயே முழுப் பாடத்தையும் வாசிக்கலாம். ஆனால் மின்னஞ்சல் முகவரி கொடுத்து இலவசமாகப் பதிந்துகொண்டால் எந்தப் பக்கம் வரை வந்தீர்கள் என்பதை அதுவே நினைவில் வைத்திருக்கும், முடித்ததும் பங்கேற்புச் சான்று ஒன்றும் இலவசமாகத் தரும். சில பாடங்களுக்கு மின்னணுப் பட்டையும் (டிஜிட்டல் பேட்ஜ்) உண்டு, அதற்கு எல்லாப் பக்கங்களையும் பார்த்திருக்க வேண்டும், சிறுதேர்வுகளில் குறைந்தது பாதி மதிப்பெண்ணாவது எடுத்திருக்க வேண்டும். முதல் தடவை அந்தப் பட்டை உள்ள பாடம் வேண்டாம், அவை நீளமானவை. சின்னதாக ஒன்றை முழுசாக முடித்த திருப்திதான் அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போகும்.

ஆங்கிலம்தான் உண்மையான தடை, அதற்கு ஒரு வழி இருக்கிறது

காசு தடை இல்லை, கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய மொழியில் இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கத்தைப் பார்த்ததும் கை பின்னால் போகிறது. இதை வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள்தான் அதிகம், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் தாமானில் ஓர் அக்கா, கூலிம் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, பேக்டரி பஸ்ஸில்தான் போக வர. அவருடைய அம்மாவுக்கு இனிப்பு நீர். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவசர அவசரமாகச் சொல்வது புரியாமல், நீரிழிவு பற்றி ஒரு தொடக்கப் பாடத்தை எடுத்துப் படித்தார். அவருடைய நோட்டைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார். இடது பக்கம் ஆங்கில வாக்கியம் அப்படியே, மெதுவாக, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியது. வலது பக்கம் அவருடைய தமிழில்: "கணையம் இன்சுலினைச் சுரக்குது. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை செல்லுக்குள்ளே போக அது வேணும். இரண்டாவது வகையில் இன்சுலின் இருந்தாலும் செல் அதுக்குச் சரியா இசையிறதில்ல." அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "அம்மாவுக்கு இதுதான்". புரியாத இடத்தில் தமிழ்ப் பக்கத்தைக் காலியாக விட்டுக் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார், நாலைந்து பக்கம் தள்ளிப் போனபின் திரும்பி வந்து வேறு மையில் நிரப்பியிருந்தார். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாத்திரையை ஏன் மாற்றினீர்கள் என்று டாக்டரிடம் கேட்டாராம். டாக்டரும் நின்று நிதானமாக விளக்கியிருக்கிறார்.

இந்த நோட்டு முறையைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். முழுப் பக்கத்தையும் எழுத வேண்டியதில்லை, ஒரு பகுதிக்கு இரண்டு மூன்று முக்கிய வாக்கியங்கள் போதும். உங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள், தேசிய மொழிச் சொல் முதலில் வந்தால் அதையே போடுங்கள், யாரும் திருத்தப் போவதில்லை. தமிழில் எழுத வரவில்லை என்றால் அந்த இடம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், அது நல்ல சோதனை.

மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தலாமா என்றால், தாராளமாக, ஆனால் முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகத் தமிழாக்கிவிட்டு அதை மட்டும் வாசிக்காதீர்கள். அறிவியல் பாடங்களில் அது தரும் தமிழ் சில நேரம் மூலத்தைவிடப் புரியாமல் இருக்கும், சில நேரம் தவறாகவே இருக்கும். முதலில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசியுங்கள், சிக்கிய வாக்கியத்தை மட்டும் கருவியில் போடுங்கள். தமிழ் சரியாக வராவிட்டால் மலாய்க்கு மாற்றிப் பாருங்கள், நமக்கு மூன்று மொழி தெரிந்திருப்பது இந்த இடத்தில் பெரிய பலம். யூடியூபில் இருக்கும் விரிவுரை என்றால் எழுத்து வரிகளை (சப்டைட்டில்) போட்டுக்கொண்டு, வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் அமைப்புகளுக்குள் போய் அந்த வரிகளைத் தானாகத் தமிழுக்கு மாற்றும் வசதி பல காணொளிகளில் இருக்கும்.

இன்னொரு வழி, படிக்கப் போகும் பொருளைப் பற்றி முதலில் தமிழில் ஒரு கட்டுரை வாசித்துவிட்டு ஆங்கிலப் பாடத்துக்குப் போவது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அடிப்படைப் பொருள்கள் பலவற்றுக்குக் கட்டுரை இருக்கிறது. சில கட்டுரைகள் நாலே வரியில் நிற்கும், பரவாயில்லை, கலைச்சொல்லாவது பிடிபடும்.

டேட்டா, கைப்பேசி, இடம்

தோட்டத்துக்குள்ளே இருப்பவர்களுக்குச் சிக்னல் ஒரு பிரச்சினை, டாப் அப் இன்னொரு பிரச்சினை. காணொளிதான் டேட்டாவைக் குடிக்கும், எழுத்துப் பாடம் அவ்வளவு எடுக்காது. ஓப்பன்லேர்ன் பாடங்களைப் பிடிஎஃப் கோப்பாகவோ மின்னூலாகவோ இறக்கி வைத்துக்கொள்ளலாம், வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒரு தடவை இறக்கினால் போதும், அப்புறம் பஸ்ஸிலும் வீட்டிலும் இணையமே இல்லாமல் வாசிக்கலாம். சிறுதேர்வு எழுதவும் சான்று வாங்கவும் மட்டும் தளத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் பொது நூலகம் இருக்கிறது. அரசாங்கத்தின் நாடி மையங்களும் நாடு முழுக்க இருக்கின்றன, முன்பு பெடி என்று அழைத்தார்களே அவைதான். இணையமும் கம்ப்யூட்டரும் இருக்கும், ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருப்பார்கள். மின்னஞ்சல் கணக்குத் திறக்கத் தெரியவில்லை என்று தயங்கும் ஐயாக்களை, அம்மாக்களை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். கடவுச்சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள், பேரனிடம் மட்டும் சொல்லி வைத்தால் அவன் ஹாஸ்டலுக்குப் போனதும் எல்லாம் நின்றுவிடும்.

கைப்பேசியிலேயே முழுப் பாடத்தையும் முடிக்கலாம். கணிதம், நிரலாக்கம் இரண்டுக்கும் மட்டும் பெரிய திரை வேண்டும் என்பது என் கருத்து.

நேரத்தை நிலையாக வையுங்கள்

தினமும் படிப்பேன் என்று சபதம் எடுக்காதீர்கள். ஷிப்டு மாறும், திருவிழா வரும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வரும். வாரத்தில் இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். முடிக்கும்போது அடுத்த தடவை எந்தப் பக்கத்தில், எந்தக் கேள்வியோடு தொடங்க வேண்டும் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அடுத்த தடவை பாதி நேரம் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போகும்.

துணைக்கு ஒருவர் இருந்தால் ரொம்ப நல்லது. அவர் அதே பாடத்தைப் படிக்க வேண்டும் என்பதில்லை. வாரக் கடைசியில் நீங்கள் படித்ததை ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்கிறவராக இருந்தால் போதும், குரல் செய்தியாக அனுப்பினாலும் சரி.

முதல் பாடம் முடிந்த பிறகு போக வேண்டிய இடங்கள்

இப்போதுதான் பட்டியலுக்கு வருகிறேன், எனக்கு நல்லது என்று தோன்றுவதை மட்டும்.

கணிதம் மறந்து போனவர்களுக்குக் கான் அகாடமி. சல்மான் கான் என்பவர் 2004-ல் தூரத்து ஊரில் இருந்த தன் உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது, 2008-ல் லாப நோக்கமில்லாத நிறுவனமாக ஆனது. எஸ்பிஎம் கணக்கில் திணறும் பிள்ளைகளும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் பெற்றோரும் கூச்சப்படாமல் ஆரம்பப்பள்ளிப் பின்னத்திலிருந்தே தொடங்குங்கள். படிவம் மூன்றில் விட்ட ஓட்டை படிவம் ஐந்தில்தான் தெரியும், அதை அடைக்கப் பின்னால்தான் போக வேண்டும்.

ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-ல் அறிவித்த திறந்த பாடத் திட்டம். 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள், பதிவே தேவையில்லை, சான்றிதழும் கிடையாது. கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித விரிவுரைகளை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள், பலகையில் சாக்கட்டியால் எழுதி எழுதி அவர் விளக்கும் நிதானம் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கும் பிடிபடும். யேல் பல்கலைக்கழகமும் 2007-ல் தன் விரிவுரைகளைத் திறந்துவிட்டது. அதில் இயற்பியல் நடத்தும் ராமமூர்த்தி சங்கர் சென்னை ஐஐடியில் படித்தவர், அவருடைய உச்சரிப்பு நம் காதுக்குப் பழக்கமானதாக இருக்கும்.

நிரலாக்கத்துக்கு ஹார்வர்டின் சிஎஸ்50. டேவிட் மாலன் நடத்துவது. நம் பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டம் இருக்கிறது, அந்தப் பேரிலேயே தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே படித்த பிள்ளைகள் அமெரிக்க ஹார்வர்டின் பாடத்தையும் காசில்லாமல் படிக்கலாம் என்பதை நான் சந்திக்கும் ஆசிரியர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுப்பாடங்கள் கடினம், முதல் வாரமே திணறும், ஆனால் எல்லாவற்றையும் முடித்து அனுப்பினால் அவர்களுடைய சொந்தத் தளம் இலவசமாகவே ஒரு சான்றிதழ் தருகிறது. அதே பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சாண்டல் நீதியைப் பற்றி நடத்தும் விரிவுரைகள் சமுதாயம், அரசியல் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கு. மாணவர்களை எதிரும் புதிருமாக வாதாட விட்டே பாடம் நடத்துவார்.

இந்தியாவின் ஐஐடிகளும் பெங்களூர் அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு. பல பாடங்களின் உரை தமிழிலும் மொழிபெயர்த்துக் கிடைக்கிறது.

தமிழ் இலக்கியம், பண்பாடு என்றால் சென்னையில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், 2001-ல் தொடங்கியது, பாடங்களும் பெரிய மின்னூலகமும் இருக்கின்றன. பழைய நூல்களின் மூலம் வேண்டுமென்றால் 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவரும் மதுரைத் திட்டம். மேலே சொன்ன பட்டினப்பாலையை அங்கே முழுசாக வாசிக்கலாம். ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம்.

தேசிய மொழியில் படிப்பது எளிது என்பவர்களுக்கு நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களின் திறந்த பாடங்கள். 2014-ல் தொடங்கினார்கள், முதல் பாடங்களில் இன உறவு பற்றிய பாடமும் ஒன்று. பல்கலைக்கழகம் போகவிருக்கும் பிள்ளைகள் போவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்து வைப்பது நல்லது.

இலவசம் எங்கே முடிகிறது என்று பாருங்கள்

கோர்செரா, எட்எக்ஸ் இரண்டும் 2012-ல் தொடங்கிய பெரிய தளங்கள், பாடங்கள் அருமையானவை. ஆனால் அங்கே எல்லாமே இலவசம் இல்லை. எட்எக்ஸில் பல பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், ஆனால் குறிப்பிட்ட காலம் வரைதான், சான்றிதழும் கிடைக்காது. கோர்செராவில் சில பாடங்களுக்கு மட்டும் அப்படிப் பார்க்கும் வழி இருக்கும், அதுவும் பொத்தான் மாதிரி பெரிதாக இருக்காது, கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய பொத்தான் ஏழு நாள் இலவசம் என்று சொல்லி வங்கி அட்டை எண்ணைக் கேட்கும், கொடுத்துவிட்டு மறந்தால் மாதா மாதம் காசு போகும். புதியவர்களுக்கு என் அறிவுரை நேரானது: அட்டை எண் கேட்கும் எந்தப் பக்கத்தையும் மூடிவிடுங்கள். அந்தப் பாடம் கட்டாயம் வேண்டுமென்றால் கோர்செராவில் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஏன் படிக்க விரும்புகிறீர்கள், ஏன் கட்ட முடியவில்லை என்று எழுதிக் கேட்க வேண்டும், பதில் வரச் சில வாரம் ஆகலாம்.

"ஹார்வர்ட் இலவச வகுப்பு, பதிவுக்கு ஐம்பது ரிங்கிட் மட்டும்" என்று யாராவது வாட்சாப்பில் அனுப்பினால் கட்டாதீர்கள். மேலே சொன்ன எந்த இலவசப் பாடத்துக்கும் பதிவுக் கட்டணம் கிடையாது, நடுவில் ஆளும் கிடையாது. அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாலும் அனுப்பாதீர்கள்.

சான்றிதழ் வேலைக்கு உதவுமா?

எல்லாரும் கேட்பது. ஓப்பன்லேர்ன் தரும் பங்கேற்புச் சான்று கல்வித் தகுதி ஆகாது, அதை டிப்ளோமா மாதிரி நீட்ட முடியாது. ஆனால் வேலை விண்ணப்பத்தில் குறிப்பிடலாம், சூப்பர்வைசர் வேலைக்குப் போகிறவர் கணக்கியல், நிர்வாகம் என்று இரண்டு மூன்று பாடம் முடித்திருந்தால் நேர்முகத்தில் பேச ஒரு விஷயம் இருக்கும். பாடத்தின் பேரைச் சொல்லி விட்டுவிடாமல், அதிலிருந்து என்ன செய்யக் கற்றுக்கொண்டீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

முறையான பட்டம்தான் வேண்டும், எஸ்பிஎம் சரியாக வரவில்லை, ஆனால் பல வருஷ வேலை அனுபவம் இருக்கிறது என்பவர்கள் எம்கியூஏவின் (மலேசியத் தகுதி அங்கீகார நிறுவனம்) அப்பெல் என்ற வழியைப் பற்றி விசாரியுங்கள். வேலை அனுபவத்தையும் சொந்தமாகக் கற்றதையும் மதிப்பிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதி தருகிறார்கள், இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மதிப்பீட்டில் தேர்வும் உண்டு, என்ன செய்தீர்கள் என்ன கற்றீர்கள் என்பதைச் சான்றுகளோடு தொகுத்துக் கொடுப்பதும் உண்டு. கட்டணம் உண்டு, அதன் பிறகு படிக்கும் பட்டமும் இலவசம் இல்லை. ஆனால் அந்தத் தேர்வுக்குத் தேவையான ஆங்கிலமும் கணக்கும் யோசிக்கும் பழக்கமும் இலவசப் பாடங்களிலேயே வந்துவிடும். இந்த எண்ணம் இருப்பவர்கள் முதல் நாளிலிருந்தே நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், முடித்த பாடங்களின் சான்றுகளை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது பாடத்தை எடுக்கும்போது இரண்டு வழி இருக்கிறது. அதே துறையில் ஒரு நிலை மேலே போகலாம், அல்லது முதல் பாடத்தின் நோட்டில் நிரப்பாமல் விட்ட கேள்விக்குறி ஒன்றை எடுத்து அது எந்தத் துறைக்குப் போகிறதோ அங்கே போகலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நீரிழிவு படித்த அந்த அக்கா இப்போது வேதியியலில் இருக்கிறார், மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமாம். அது இடைநிலைப் பாடம், மெதுவாகத்தான் போகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் படிவம் நான்கு படிக்கும் தன் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்.